பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் ஊட்டிக்குப் பொருந்தாது

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. கணவரும் நானும் ஊட்டியில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறோம். ஜூன் பிறந்தால் செப்டம்பர் முடிய வீட்டுக்குள் ஒரே ஓதம். போன வருடம் பீரோவில் இருந்த பட்டுப் புடவைகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிட்டது. அவருடைய கேமரா லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. மெத்தையில் ஈரவாடை போவதே இல்லை. ஜூலையில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், படுக்கையறையில் 15, 16 டிகிரிதான் இருக்கிறது. காற்றின் ஈரத்தை எடுக்கும் டிஹியூமிடிஃபையர் மெஷின் வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பையன் பணம் அனுப்பியிருக்கிறான். கடைக்காரர், "20 லிட்டர் மெஷின் வாங்குங்கம்மா, வீடே காய்ந்துவிடும்" என்கிறார். ஆன்லைனில் 4,000 ரூபாய்க்குக் குட்டி மெஷின் ஒன்று பார்த்தேன். எதை வாங்குவது? எத்தனை மணி நேரம் ஓட்டுவது? கரண்ட் பில் எகிறுமா? அதில் சேரும் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா?
– ஒரு வாசகி, உதகமண்டலம்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பவும் உதவிய விஷயம் அந்த 15, 16 டிகிரி. என்னிடம் கேட்கிறவர்கள் அறை எத்தனைக்கு எத்தனை அடி என்று சொல்வார்கள். உள்ளே எவ்வளவு குளிர் என்று அளந்து சொல்கிறவர்களைப் பார்ப்பது அபூர்வம். ஊட்டி வீட்டுக்கு மெஷின் தேர்ந்தெடுக்க முதலில் வேண்டியது அந்த டிகிரிதான்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 20 லிட்டர் என்பது ஒரு நாளைக்கு மெஷின் காற்றிலிருந்து எடுக்கும் தண்ணீர். ஆனால் அந்த 20 லிட்டர் எங்கே கிடைக்கும் என்று கேட்க வேண்டும். நம் ஊரில் விற்கும் பெரும்பாலான மெஷின்களின் பெட்டியில் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும்: 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம். அது சென்னைக் கடலோரத்துப் புழுக்கம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கும். உங்கள் படுக்கையறையின் 15 டிகிரிக் காற்றில் 85 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டாலும் 11 கிராம்தான் தேறும். சுவரெல்லாம் சொதசொதவென்று இருந்தாலும், குளிர்ந்த காற்றால் அவ்வளவுதான் தண்ணீர் சுமக்க முடியும். பிடிக்கிற மெஷினுக்கும் கிடைப்பது அதற்கேற்பத்தான். நடைமுறையில் இந்தக் குளிரில் 20 லிட்டர் மெஷின் மூன்றில் ஒரு பங்கு எடுத்தாலே நல்ல மெஷின் என்பேன்.

அமெரிக்காவில் 2019-ல் இந்தச் சோதனை வெப்பநிலையைச் சுமார் 27 டிகிரியிலிருந்து 18 டிகிரிக்கு இறக்கினார்கள். அதுவரை 70 பைன்ட் (ஒரு பைன்ட் கிட்டத்தட்ட அரை லிட்டர்) என்று விற்ற மெஷின், ஒரு திருகாணிகூட மாறாமல், 50 பைன்ட் ஆகிவிட்டது. உங்கள் அறை அந்த 18-ஐயும் எட்டவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. கடையில் இருப்பவை அநேகமாகக் கம்ப்ரஸர் வகை. ஃபிரிட்ஜும் ஏசியும் வேலை செய்கிற அதே முறைதான். உள்ளே ஒரு சில்லென்ற காயில், அதாவது குழாய்ச் சுருள், இருக்கும். காற்று அதன்மேல் போகும்போது, ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பதுபோல், ஈரம் துளித்துளியாகக் காயிலில் படிந்து கீழே தொட்டியில் விழும். காய்ந்த காற்று பின்னாலுள்ள சூடான காயிலைத் தொட்டுக்கொண்டு வெளியே வரும். சென்னையில் காற்று 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலே தண்ணீரைக் கக்க ஆரம்பித்துவிடும். காயிலுக்குச் சிரமமே இல்லை. ஊட்டியில் 16 டிகிரி அறையை 60 சதவீதத்துக்குக் காய வைக்க வேண்டுமென்றால், காயில் 8 டிகிரிக்கும் கீழே போக வேண்டும். அப்படிப் போகிற காயில் பூஜ்யத்தையும் தொட்டுவிடும். தண்ணீர் சொட்டுவதற்குப் பதில் பனி கட்டும். பனி மூடிய காயிலுக்குள் காற்று போகாது. மெஷின் வேலையை நிறுத்திவிட்டுப் பனியை உருக்கும், மறுபடி ஓடும், மறுபடி கட்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கோவையில் ஏசி, குளிர்சாதன வேலைக்கு வந்த புதிதில், குன்னூரில் ஒரு விருந்தினர் இல்லத்துக்கு நானே ஒரு பெரிய மெஷினைப் பரிந்துரைத்துக் கொண்டுபோய் வைத்தேன். பத்து நாளில் போன் வந்தது. "தம்பி, மெஷின்ல தண்ணி வரல, ஐஸ்தான் வருது. வேணும்னா ஃபிரிட்ஜ்னு சொல்லி வித்துறட்டுமா?" நல்ல மனிதர், திட்டாமல் கிண்டலோடு விட்டார். அன்றிலிருந்து மலைமேல் யார் கேட்டாலும் முதலில் டிகிரியைக் கேட்டுக்கொள்வேன்.

சரி, உங்களுக்கு எது? டெசிகன்ட் வகை என்று ஒன்று இருக்கிறது. அதில் கம்ப்ரஸரும் கேஸும் கிடையாது. ஈரத்தை உறிஞ்சும் ஜியோலைட் பூசிய சக்கரம் ஒன்று உள்ளே மெதுவாகச் சுற்றும். அறைக் காற்றின் ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். மறுபக்கம் ஒரு ஹீட்டர் அந்த ஈரத்தை விரட்ட, அது தனியாகக் குளிர்ந்து தொட்டியில் சேரும். குளிர்ந்த காயிலை நம்பி இல்லாததால் 5 டிகிரியிலும் சளைக்காது. எடையும் குறைவு. பெட்டியில் 7 அல்லது 8 லிட்டர் என்றுதான் போட்டிருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது 20 டிகிரி, 60 சதவீதத்தில் அளந்தது. உங்கள் அறையில் அந்த 8, கடைக்காரரின் 20-க்குச் சரிசமமாக நிற்கும்.

அதற்குக் கரண்ட் அதிகம் என்பது உண்மை. 20 லிட்டர் கம்ப்ரஸர் மெஷின் 300, 400 வாட் இழுத்தால், இது 500, 600 வாட் இழுக்கும். அந்த வாட் எல்லாம் கடைசியில் சூடாக அறைக்குள்ளேயே வந்துவிடும். போதாக்குறைக்கு, ஆவி தண்ணீராகும்போது லிட்டருக்குக் கிட்டத்தட்ட 0.7 யூனிட் அளவு சூட்டையும் விடும். சென்னைக்காரர் இதை வாங்கினால் என்னை அடிக்க வருவார். ஜூலை மாதத்து ஊட்டியில் அந்தச் சூடு வரவு.

டெசிகன்ட் வகை நம் கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை, ஆன்லைனில்தான் தேட வேண்டும். ரிப்பேர் என்றால் யார் வருவார்கள் என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் கம்ப்ரஸர் வகைக்கே போகலாம், ஆனால் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். தானாகப் பனி உருக்கும் வசதி இருக்க வேண்டும். 5 டிகிரி வரை இயங்கும் என்று கையேட்டில் எழுதியிருக்க வேண்டும், விற்பவர் வாயால் சொன்னால் போதாது. அப்புறம் மெஷின் ஓடுகிற அறையை ஒரு சின்ன ரூம் ஹீட்டர் வைத்தாவது 18 டிகிரிக்கு மேல் வைத்திருங்கள்.

4,000 ரூபாய் குட்டி மெஷினை மறந்துவிடுங்கள். அது பெல்டியர் சில்லு, அதாவது கரண்ட் ஓடினால் ஒரு பக்கம் குளிரும் சின்னத் தகடு, வைத்தது. வெயில் காலப் புழுக்கத்திலேயே ஒரு நாளைக்கு அரை லிட்டர் எடுத்தால் பெரிது. உங்கள் குளிரில் ஒரு காபி டம்ளர் நிறையாது.

இப்போது கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்போம், ஆசிரியை என்பதால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். படுக்கையறை 12-க்கு 14 அடி, உயரம் 9 அடி என்று வைத்துக்கொள்வோம். 43 கன மீட்டர் காற்று. அதில் உள்ள மொத்த ஈரத்தையும் பிழிந்து எடுத்தால்கூட அரை லிட்டர் வராது! ஆனால் மெஷின் போட்ட முதல் வாரம் தொட்டி தினமும் நிரம்பும். அந்தத் தண்ணீர் மெத்தையிலிருந்தும், தலையணைப் பஞ்சிலிருந்தும், புத்தகங்களிலிருந்தும், சுவர்ப் பூச்சிலிருந்தும் வருகிறது. ஜூன் மாதம் முழுக்க அவை குடித்து வைத்ததைத் திருப்பிக் கொடுக்கின்றன. பத்து, பதினைந்து நாளில் தொட்டியில் சேரும் அளவு குறையும். மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து அப்போதுதான் பலர் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு வருவது, கதவு ஜன்னல் இடுக்கில் நுழைகிற மழைக் காற்றும் நீங்கள் இருவர் விடும் மூச்சும்தான். ஒரு ஆளின் மூச்சிலும் வியர்வையிலுமாக ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர் ஈரம் வெளியேறும். இடுக்குக் காற்றையும் சேர்த்தால் ஒரு படுக்கையறைக்குத் தினம் இரண்டிலிருந்து மூன்று லிட்டர் எடுத்தால் போதும். இதற்கு மேல் நாலைந்து லிட்டர் விடாமல் வந்துகொண்டே இருந்தால், தண்ணீர் வேறெங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம்.

அதனால்தான் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்யச் சொல்வேன். இரண்டு அடிச் சதுரத்தில் பாலிதீன் தாளை வெட்டி, ஓதம் அடிக்கிற சுவரில் நாலு பக்கமும் டேப்பால் இறுக்கமாக ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் படிந்திருந்தால் அது காற்றின் ஈரம், மெஷினால் தீரும். உட்பக்கம், சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் சுவர் வழியாகவே தண்ணீர் வருகிறது. மலை வீடுகளில் இது சகஜம். சரிவை வெட்டி வீடு கட்டியிருப்பார்கள். பின்சுவரில் பாதி உயரம் வரை மண் அணைந்திருக்கும், மழைத் தண்ணீர் அந்த மண்ணில் ஊறி நேரே உள்ளே வரும். இல்லையென்றால் ஓட்டில் கீறல் இருக்கும், மழைத் தண்ணீர்த் தாவாரம் இலை அடைத்துச் சுவரில் வழியும். அதற்கு மெஷின் போடுவது, மழையை வீட்டுக்குள் பாத்திரம் வைத்துப் பிடிக்கிற மாதிரி. முதலில் மண்ணை விலக்கி வாய்க்கால் எடுங்கள். அந்தச் செலவு மெஷினைவிடக் குறைவாகவே முடியக்கூடும்.

வீட்டுக்குள் துணி காயப் போடுகிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஊட்டியில் மழைக்காலத்தில் வேறு வழி இல்லை என்று எனக்குத் தெரியும். வாஷிங் மெஷினில் பிழிந்த ஐந்து கிலோ துணியில் இன்னும் இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர் மிச்சம் இருக்கும். அது அப்படியே வீட்டுக்காற்றில் கலக்கும். துணிக்கென்று ஒரு சின்ன அறையை ஒதுக்கி, கதவைச் சாத்தி, மெஷினை அங்கே கொண்டுபோய் நாலு மணி நேரம் ஓட்டுங்கள். துணியும் காயும்.

குளிர் காய எரிவாயு ஹீட்டர் வைப்பவர்களும் உண்டு. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். ஒரு கையால் துடைத்து மறு கையால் நனைக்கிற வேலை. கரி அடுப்பை மூடிய அறையில் வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

மின்சார ஹீட்டரில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. சொல்லப் போனால் அதுவே ஓரளவுக்கு உதவும். வெளியே 14 டிகிரியில் மூடுபனியாக நிற்கிற காற்றை உள்ளே 20 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்காமலே அதன் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு இறங்கிவிடும். உங்கள் ஊர்த் தேயிலைத் தொழிற்சாலைக்காரர்களுக்கு இது பழைய பாடம். மழை நாளில் கொழுந்து வாட, அதைப் பரப்பிய தொட்டிக்கு ஏன் சூடான காற்றை ஊதுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 70-லிருந்து 55-க்கு இறக்குவதுதான் மெஷினின் வேலை.

ஏன் 55? ஈரப்பதம் 70-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் தைரியமாக வரும். 60-க்குக் கீழே இருந்தால் அநேகமாக வராது. அதனால் 55-ல் வையுங்கள். 40-க்கு இறக்க ஆசைப்படாதீர்கள். கரண்ட் செலவும் கூடும், பழைய தேக்குச் சாமான்கள் வெடிக்கும், தொண்டையும் வறளும். வீணை, தம்புரா ஏதாவது வீட்டில் இருந்தால் அதற்கும் ஆகாது.

மெஷினில் தெரியும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஈரப்பதம் காட்டும் டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் இரண்டு வாங்கி, ஒன்றை அறையின் எதிர்மூலையிலும் இன்னொன்றைப் பீரோவுக்குள்ளும் வையுங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கச் சமையலறையே போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, குழையும் அளவுக்கு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஒரு ஜிப் பையில் காற்றுப் போகாமல் மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அந்த மீட்டர் எப்போதும் 5 குறைத்துச் சொல்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும் நேரத்தைப் பொறுத்தவரை, முதல் வாரம் பகல் முழுக்க ஓடட்டும். பிறகு 55-ல் வைத்துவிட்டால் அதுவே நின்று நின்று ஓடும், ஒரு நாளைக்குச் சுமார் எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். கதவு ஜன்னல் மூடியிருக்க வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும், "காற்றோட்டம் வேண்டாமா?" என்று ஜன்னலைத் திறந்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூடுபனியை உள்ளே விட்டுக் காயவைக்க ஊட்டி முழுவதையும் காயவைக்க வேண்டியிருக்கும். மெஷின் நின்றிருக்கும் நேரத்தில், மழை விட்டு வெயில் அடித்தால், பத்து நிமிடம் திறங்கள். வீடு முழுக்க என்ற கடைக்காரர் பேச்சையும் விடுங்கள். ஒரு மெஷினுக்கு ஒரு மூடிய அறைதான் கணக்கு. படுக்கையறையை இரவு வருவதற்குள் காய வைத்துவிட்டு நிறுத்துங்கள், தூக்கத்தில் அந்தச் சத்தம் வேண்டியதில்லை.

சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகாதீர்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். தொட்டியையும் தேய்த்துக் கழுவ வேண்டும், வழவழவென்று பாசி பிடிக்கும். காற்றும் மழையும் சேர்ந்தால் உங்கள் ஊரில் கரண்ட் போய்ப் போய் வரும், இல்லையா? அதனால் கரண்ட் திரும்பியதும் தானாக ஓடத் தொடங்கும் வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இல்லாத மெஷின், நீங்கள் வந்து பட்டனை அழுத்தும் வரை சும்மா நிற்கும்.

பில்லுக்கு வருவோம். 500 வாட் மெஷின் எட்டு மணி நேரம் ஓடினால் 4 யூனிட். மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் 240 யூனிட். கம்ப்ரஸர் வகை என்றால் 150-லிருந்து 200. கவனிக்க வேண்டியது 500 யூனிட் எல்லை. அதைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமில்லை, கீழே சலுகையில் இருந்த யூனிட்டுக்கும் விலை ஏறும். போன வருட ஜூலை, ஆகஸ்ட் அட்டையை எடுத்துப் பாருங்கள். 300-க்குப் பக்கத்தில் இருந்தால் மெஷினுக்கு மணிக்கணக்கு வைத்து ஓட்டுங்கள். கீசருக்கும் கொஞ்சம் கட்டுப்பாடு போடலாம்.

தொட்டித் தண்ணீரை பேட்டரிக்கு ஊற்றாதீர்கள். பார்க்க டிஸ்டில்டு வாட்டர் மாதிரிதான் இருக்கும். ஆனால் மெஷினின் உள்பாகங்களைத் தொட்டு, அறைத் தூசியைக் கழுவிக்கொண்டு வந்த தண்ணீர் அது. பேட்டரித் தகட்டுக்கு ஆகாது. குடிக்கவும் கூடாது. தரை துடைக்கலாம், டாய்லெட்டில் ஊற்றலாம், ரோஜாத் தொட்டிக்கு விடலாம்.

பீரோவைச் சொல்லாமல் விடக் கூடாது. அறை காய்ந்தாலும் மூடிய பீரோவுக்குள் ஈரம் அப்படியே கிடக்கும், மெஷின் அதன் கதவைத் திறக்கப் போவதில்லை. முதல் வாரம் மெஷின் ஓடும்போது பீரோக் கதவுகளை விரியத் திறந்து வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோ என்றால் நாலு விரற்கடை முன்னே இழுங்கள். அந்தச் சுவர்தான் வீட்டிலேயே குளிர்ந்தது, ஈரம் முதலில் படிவதும் அங்கேதான். புடவைகளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, வெளுத்த மல் துணியில் சுற்றுங்கள். பூத்த பூஞ்சணத்தை ஈரத் துணியால் துடைக்காதீர்கள், பரவும். வெயில் வரும் நாளில் வாசலில் நிழலாகப் பார்த்து, முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு ஒன்றும் செய்யாது. கால்சியம் குளோரைடு டப்பா மூடிய பீரோவுக்குள் நன்றாக வேலை செய்யும், ஆனால் அதில் சேரும் தண்ணீர் பட்டில் சிந்தினால் புடவை போய்விடும். கீழ்த்தட்டில் ஒரு தட்டுக்குள் நிறுத்தி வையுங்கள்.

லென்ஸை நல்ல சர்வீஸ்காரரிடம் கொடுத்துத் திறந்து துடைக்கச் சொல்லுங்கள். பூஞ்சணம் கண்ணாடிப் பூச்சைத் தின்றிருந்தால் அந்தத் தடம் போகாது என்பதைச் சாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். திரும்பி வந்ததும் தோல் உறையில் போடாமல், ரப்பர் விளிம்பு உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, உள்ளே ஈரப்பதம் 40-லிருந்து 50-க்குள் நிற்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. கம்ப்ரஸர் மெஷினைக் கோவையில் வாங்கி காரில் ஏற்றி வருவதாக இருந்தால், டிக்கியில் படுக்கப் போடாதீர்கள். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் உருண்டால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும். அப்படியே படுத்து வந்துவிட்டாலும் பரவாயில்லை, வீட்டில் ஒரு ராத்திரி நிமிர்த்தி நிற்க வைத்துவிட்டு மறுநாள் காலை பிளக்கைச் சொருகுங்கள்.